லீக்டன்ஸ்டைனுக்கு எதற்குத் தனி டெலிபோன் கோடு?

ஐரோப்பிய வரைபடத்தில் சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே உற்றுப் பார்த்தால்தான் கண்ணில் படும் நாடு லீக்டன்ஸ்டைன். பரப்பு 160 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறக்குறைய 40,000 பேர், மொத்தம் 11 ஊர்கள், அவ்வளவுதான் நாடு. ராணுவம் கிடையாது, விமான நிலையம் கிடையாது, கையில் புழங்கும் காசுகூட சுவிஸ் பிராங்க்தான். ஆனால் +423 என்று சொந்தமாக ஒரு சர்வதேச டெலிபோன் கோடு உண்டு, மூன்று மொபைல் நெட்வொர்க் உண்டு, இவற்றையெல்லாம் மேய்க்க தலைநகர் வாடுஸில் ஓர் அரசு அலுவலகமும் உண்டு. இந்தியாவில் ஒரு சுமாரான நகராட்சி அளவுகூட ஜனங்கள் இல்லாத இடத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பதில் தேடிப் போனால் டெலிபோன் சேவை என்பது உள்ளே எப்படி ஓடுகிறது என்பதும் கூடவே புரிந்துவிடும், ஏனென்றால் பெரிய நாட்டில் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதெல்லாம் இங்கே எல்லைக் கோட்டிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது.

முதலில் அந்தக் கோடு. 1999க்கு முன்னால் லீக்டன்ஸ்டைனுக்குத் தனிக் கோடே இல்லை. சுவிட்சர்லாந்தின் +41ஐப் போட்டு, அதன்பின் 75 போட வேண்டும். நம் ஊரில் மதுரைக்கு 0452 என்று எஸ்டிடி கோடு இருக்கிற மாதிரி, சுவிட்சர்லாந்துக்குள் 075 என்றால் அது ஒரு முழு நாடு! இதற்குக் காரணம் பழைய கதை. முதல் உலகப் போர்வரை லீக்டன்ஸ்டைன் ஆஸ்திரியாவை ஒட்டியே பிழைத்தது, தபால், தந்தி, டெலிபோன் எல்லாம் அவர்கள் கையில். போரில் ஆஸ்திரிய சாம்ராஜ்யம் சிதறியதும் இவர்கள் மேற்கே திரும்பினார்கள். 1920ல் சுவிட்சர்லாந்தோடு தபால் ஒப்பந்தம், 1923ல் சுங்க ஒப்பந்தம், அப்புறம் பிராங்க். அதிலிருந்து ஏறத்தாழ எண்பது வருஷம் சுவிஸ் தபால் துறைதான் லீக்டன்ஸ்டைனின் டெலிபோன் துறை.

அதை உடைத்தது ஒரு வாக்கெடுப்பு. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராகாமலேயே அதன் பொதுச் சந்தையில் சேர்ந்துகொள்ளலாம், பதிலுக்கு அந்தச் சந்தையின் விதிகளை ஏற்க வேண்டும். 1992 டிசம்பர் 6ல் சுவிஸ் மக்களிடம் இதில் சேரலாமா என்று கேட்டார்கள். 50.3 சதவீதம் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள், மயிரிழை என்பது இதுதான். ஒரே வாரம் கழித்து அதே கேள்வியை லீக்டன்ஸ்டைனில் கேட்டார்கள், சேரலாம் என்று பதில் வந்தது. சுவிட்சர்லாந்தோடு எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்டிருந்த நாடு, அந்த சுவிட்சர்லாந்து நுழைய மறுத்த இடத்துக்குள் போகிறது என்றால் எத்தனை முடிச்சுகளை அவிழ்க்க வேண்டியிருக்கும்! அவிழ்த்துவிட்டு, 1995ல் இன்னொரு முறை மக்களிடம் சம்மதம் வாங்கி, மே மாதம் சேர்ந்தார்கள்.

பொதுச் சந்தையின் விதிகளில் ஒன்று, டெலிபோன் துறையைப் போட்டிக்குத் திறந்துவிட வேண்டும், அதை மேற்பார்க்கச் சொந்த ஒழுங்குமுறை அமைப்பு வேண்டும் என்பது. பக்கத்து நாட்டு அரசுத் துறை தங்கள் நாட்டு டெலிபோனை நடத்திக்கொண்டிருந்தால் இது நடக்காது. ஆகவே 1998 முடிவோடு டெலிபோனில் சுவிஸ் உறவு முடிந்தது, 1999 ஏப்ரலில் +423 வந்தது. அந்த எண் எங்கிருந்து கிடைத்தது என்பது ஒரு துணைக்கதை. நாட்டுக் கோடுகளைப் பங்கிடுவது ஐக்கிய நாடுகளின் கீழ் இயங்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். செக்கோஸ்லோவாக்கியா ஒரே நாடாக இருந்தபோது அதன் கோடு 42. நாடு இரண்டாகப் பிரிந்து சில வருஷம் கழித்து அந்த 42ஐயும் உடைத்து செக் நாட்டுக்கு 420, ஸ்லோவாக்கியாவுக்கு 421 என்று கொடுத்தார்கள். மீதமிருந்த எண்களிலிருந்துதான் 423 லீக்டன்ஸ்டைனுக்கு வந்தது. 422 இன்னும் யாருக்கும் போகவில்லை.

ஆக இன்றைக்கு நிலைமை இப்படி. வாடுஸுக்குக் கடிதம் எழுதினால் பின்கோடு 9490, அது இன்னமும் சுவிஸ் தபால் வரிசையில் உள்ள எண். அதே வாடுஸுக்குப் போன் செய்தால், ரைன் ஆற்றின் அக்கரையில் உள்ள சுவிஸ் ஊரான புக்ஸிலிருந்து அழைத்தாலும், அது வெளிநாட்டு அழைப்பு, 00423 போட்டே ஆக வேண்டும். புக்ஸிலிருந்து லீக்டன்ஸ்டைனின் ஷான் ஊருக்குப் பாலம் வழியாக சைக்கிளில் போய்விடலாம், போகும் வழியில் பாஸ்போர்ட் காட்டச் சொல்லி யாரும் நிறுத்துவதும் இல்லை. கடிதத்துக்கும் காலுக்கும் தெரியாத எல்லை போனுக்கு மட்டும் தெரிகிறது.

அது எப்படித் தெரிகிறது? நாம் டயல் செய்கிற கோடு ஒன்று, போன்களும் டவர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்கிற கோடு இன்னொன்று. ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஒரு நீளமான அடையாள எண் பதிந்திருக்கும், அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும். இந்திய சிம் என்றால் 404 அல்லது 405, இலங்கை 413, சுவிட்சர்லாந்து 228, ஆஸ்திரியா 232, லீக்டன்ஸ்டைன் 295. அடுத்து வரும் இலக்கங்கள் எந்த நிறுவனம் என்று சொல்லும். டவர்களும் இதே எண்களைச் சதா அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. உங்கள் போன் டவரின் எண்ணையும் தன் சிம்மின் எண்ணையும் ஒப்பிட்டு, ஒத்துப்போனால் சொந்த வீடு என்று உட்கார்ந்துகொள்கிறது, இல்லையென்றால் ரோமிங் என்று திரையில் காட்டுகிறது. கவனித்தீர்களானால், நீங்கள் எந்த மண்ணில் நிற்கிறீர்கள் என்ற கேள்வியே இதில் வரவில்லை. எந்த டவர் பிடித்திருக்கிறது என்பது மட்டும்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பில் விஷயத்தில் இதுதான் வில்லன்.

இப்போது கம்பி. இணையமும் வீட்டு டெலிபோனும் வருவது தரைக்கடியில் ஓடும் கேபிளில். 40,000 பேருக்காக நாலு நிறுவனம் நாலு தடவை ரோட்டைத் தோண்டினால் யாருக்கும் கட்டுப்படியாகாது. அதற்காக ஒரே நிறுவனத்திடம் எல்லாவற்றையும் கொடுத்தால் போட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. லீக்டன்ஸ்டைன் இதை நடுவில் வெட்டிப் பிரித்தது. குழாய், கேபிள், கண்ணாடி இழை (ஃபைபர்) எல்லாம் ஷானில் இருக்கும் அரசு மின்சார நிறுவனமான எல்கேடபிள்யூ வசம். அந்த இழையில் இணையமும் டிவியும் போனும் விற்பது வேறு ஆட்கள். அரசுக்குச் சொந்தமான டெலிகாம் லீக்டன்ஸ்டைன் அவர்களில் முக்கியமானது, எஃப்எல்1 என்ற பெயரில் கடை விரித்திருக்கிறது. மற்ற நிறுவனங்களும் அதே இழையை வாடகைக்கு எடுத்து விற்கலாம். கல்யாண மண்டபம் ஒன்றுதான், சமையல்காரர் உங்கள் விருப்பம் என்பது மாதிரி. சில மண்டபங்களில் நாங்கள் சொல்கிற சமையல்காரரைத்தான் வைக்க வேண்டும் என்று அடம் பிடிப்பார்களே, அந்த வேலை இங்கே நடக்கக்கூடாது என்று பார்த்துக்கொள்வதுதான் நான் மேலே சொன்ன வாடுஸ் அலுவலகத்தின் முக்கியப் பணி.

மின்சார நிறுவனம் ஏன் இதைச் செய்கிறது என்றால், அவர்களுக்கு எப்படியும் ஒவ்வொரு வீட்டுக்கும் வயர் போக வேண்டியிருக்கிறது. மின்சாரத்துக்காகத் தோண்டும்போதே இழைக்கும் குழாய் போட்டுவிட்டால் செலவு பாதியில் முடிகிற சமாச்சாரம், ஏனென்றால் இந்தத் தொழிலில் கேபிளைவிடத் தோண்டுவதுதான் விலை. சமீப ஆண்டுகளில் பழைய செம்புக் கம்பியை ஓரங்கட்டிவிட்டு நாடு முழுக்கக் கண்ணாடி இழைக்கு மாறியிருக்கிறார்கள். நாடு சின்னது என்பது இங்கே மட்டும் வரம், பெரிய நாடுகள் கடைசி கிராமத்துக்கு இழை கொண்டுபோக எத்தனை திட்டம் போட வேண்டியிருக்கிறது என்று நமக்கே தெரியும்.

மொபைல் கதை வேறு. அங்கே டெலிகாம் லீக்டன்ஸ்டைனோடு சுவிட்சர்லாந்தின் சுவிஸ்காமும் சால்ட்டும் நெட்வொர்க் வைத்திருக்கின்றன. வெளியிலிருந்து வந்தவர்கள் என்றாலும், லீக்டன்ஸ்டைன் மண்ணில் டவர் போட வாடுஸிலிருந்துதான் அலைவரிசை உரிமம் வாங்க வேண்டும். நிலமும் சாதுவானதல்ல. மேற்கே ரைன் ஓரம் தட்டையான பள்ளத்தாக்கு, பெரும்பாலான ஊர்கள் அங்கேதான். கிழக்கே திரும்பினால் சுவர் மாதிரி மலை, மேலே ட்ரீசன்பெர்க், அதற்கும் பின்னால் 1600 மீட்டர் உயரத்தில் பனிச்சறுக்கு ஊரான மால்பூன். பள்ளத்தாக்கில் நட்ட டவர் மலைக்குப் பின்னால் எட்டாது, அங்கே தனியாக நட வேண்டும். அதே டவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மட்டும் தாராளமாக எட்டும்.

டவர் என்றதும் இங்கே ஒரு பெரிய சண்டை நடந்தது, சொல்லாமல் போக மனசில்லை. 2008ல் லீக்டன்ஸ்டைன் நாடாளுமன்றம் ஒரு சுற்றுச்சூழல் சட்டம் போட்டது. டவரிலிருந்து வரும் கதிர்வீச்சு, மக்கள் நீண்ட நேரம் இருக்கும் வீடு, பள்ளிக்கூடம் மாதிரியான இடங்களில் மீட்டருக்கு 0.6 வோல்ட்டைத் தாண்டக்கூடாது, 2012 முடிவதற்குள் அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்றது. சுவிட்சர்லாந்தில் இதே அளவு அலைவரிசையைப் பொறுத்து 4 முதல் 6 வோல்ட், அதுவே உலகின் கடுமையான வரம்புகளில் ஒன்று. இவர்கள் அதில் பத்தில் ஒரு பங்கு கேட்டார்கள். இப்படி இருந்தால் இங்கே நெட்வொர்க் நடத்தவே முடியாது என்று மொபைல் நிறுவனங்கள் கையை விரித்தன. ஒரு பெரிய நாட்டில் நிறுவனம் இப்படிச் சொன்னால் வெறும் மிரட்டல் என்று அரசு சிரித்துவிட்டுப் போகலாம், அந்தச் சந்தையை விட்டு அவர்கள் எங்கே போவார்கள்? நாற்பதாயிரம் வாடிக்கையாளர்கூட இல்லாத இடத்தில் அவர்கள் நிஜமாகவே மூட்டை கட்டலாம். கடைசியில் விஷயம் மக்கள் முன்னால் வந்தது. 2009 டிசம்பர் வாக்கெடுப்பில் அந்த 0.6 வேண்டாம் என்று பெரும்பான்மையோர் சொல்லிவிட்டார்கள். கதிர்வீச்சுக்குப் பயப்படுவது சரியா தவறா என்பது தனி வாதம். எனக்கு இதில் சுவாரசியமாகப் படுவது, டவரின் மின்புலம் எத்தனை வோல்ட் இருக்கலாம் என்பதை ஊர் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள் என்பது.

சரி, ரோமிங்குக்கு வருவோம், பயணம் போகிறவர்கள் இதற்காகத்தான் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்கள் சிம் கம்பெனிக்கு அந்த நாட்டில் டவர் கிடையாது, அதனால் அங்கிருக்கும் ஒரு கம்பெனியின் டவரை உங்களுக்காக வாடகைக்கு எடுக்கிறது. அந்தக் கம்பெனி உங்கள் கம்பெனிக்கு ஒரு மொத்த விலை போடும், உங்கள் கம்பெனி அதன்மேல் தன் பங்கை ஏற்றி உங்கள் தலையில் கட்டும். பழைய காலத்து ரோமிங் பில் அடிவயிற்றைக் கலக்கியதற்கு இந்த இரண்டு அடுக்கு லாபம்தான் காரணம். ஐரோப்பிய ஒன்றியம் இரண்டையும் பிடித்து நெரித்தது. 2017 ஜூன் 15 முதல், உறுப்பு நாடுகளுக்குள் எங்கே போனாலும் உள்ளூர் விலைதான். பின்னால் இருக்கும் மொத்த விலைக்கும் உச்சவரம்பு: 2022ல் ஒரு ஜிபிக்கு 2 யூரோ, வருஷா வருஷம் குறைந்து 2027ல் 1 யூரோ. இந்த ஏற்பாடு 2032 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பதால் நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் மூன்றுக்கும் இது பொருந்தும். சுவிட்சர்லாந்துக்குப் பொருந்தாது. 1992ன் அந்த 50.3 சதவீதம் இன்னும் பில்லில் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நேரில் பார்க்க ஒரு ரயில் பாதை இருக்கிறது. ஆஸ்திரியாவின் ஃபெல்ட்கிர்ச்சிலிருந்து லீக்டன்ஸ்டைன் வழியாக சுவிட்சர்லாந்தின் புக்ஸ் வரை, மொத்தம் இருபது கிலோமீட்டர்கூட இல்லை, தண்டவாளம் ஆஸ்திரிய ரயில்வேயுடையது. ஜெர்மன் சிம்மோடு ஃபெல்ட்கிர்ச்சில் ஏறி உட்கார்ந்தால், ஆஸ்திரியாவில் கூடுதல் காசு இல்லை. கொஞ்ச நேரத்தில் நெண்டெல்ன் வருகிறது, லீக்டன்ஸ்டைன், அங்கேயும் இல்லை. அடுத்து ஷான்-வாடுஸ் நிலையம், இன்னும் இல்லை. அப்புறம் ரயில் ரைன் பாலத்தில் ஏறுகிறது, போன் சுவிஸ் டவர்களின் எண்ணான 228க்குத் தாவுகிறது, வரவேற்புக் குறுஞ்செய்தியும் புது விலைப்பட்டியலும் வந்து விழுகின்றன. ஒரு சாயா குடித்து முடிப்பதற்குள் மூன்று நாடு, இரண்டு விலை விதி.

ஆனால் போன் பாலம் வரை காத்திருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. டவர்தான் நாடு என்று மேலே சொன்னேனே, அதுதான். லீக்டன்ஸ்டைனின் ஊர்கள் பலவும் ரைனை ஒட்டியே கிடக்கின்றன. ஜன்னல் மேற்கைப் பார்த்த அறையில் உட்கார்ந்திருந்தால், உங்கள் போன் அக்கரை சுவிஸ் டவரின் சிக்னல் பலமாக இருக்கிறதென்று அதைப் பிடித்துக்கொள்ளலாம். நீங்கள் நாட்டை விட்டு ஓரடி வெளியே வைக்கவில்லை, ஆனாலும் மீட்டர் சுவிஸ் விலையில் ஓடும். வழி ஒன்றுதான், செட்டிங்ஸில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, எஃப்எல்1 மாதிரி லீக்டன்ஸ்டைன் நெட்வொர்க் ஒன்றை நாமே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். கிளம்பும்போது மறக்காமல் பழையபடி தானியங்கிக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் அடுத்த ஊரில் சிக்னலே இல்லை என்று போனைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். ஐரோப்பிய சிம் என்றால் ரோமிங் டேட்டா செலவு வழக்கமாக 50 யூரோவைத் தொட்டதும் தானாக நின்றுவிடும், இந்திய சிம்மோடு போகிறவர்கள் அந்தப் பாதுகாப்பை நம்ப வேண்டாம். ஐரோப்பா பேக் வாங்கினால் நாட்டுப் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். சுவிட்சர்லாந்து இருக்கிறது என்பதற்காக லீக்டன்ஸ்டைனும் இருக்கும் என்றோ, இது இருக்கிறதென்றால் அதுவும் இருக்கும் என்றோ எடுத்துக்கொள்ளக்கூடாது, இரண்டு பெயரும் தனித்தனியாக இருக்க வேண்டும். சுவிஸ் சுற்றுலாவில் ஒரு மத்தியானம் வாடுஸில் இறங்கி படம் எடுத்துவிட்டு வருகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

சுற்றுலாப் பயணிக்கு ஒரு மத்தியானப் பிரச்சினை, அங்கே வேலை செய்கிறவர்களுக்கு இது தினசரி வாழ்க்கை. லீக்டன்ஸ்டைனில் வேலை பார்ப்பவர்களில் பாதிக்கு மேல் தினமும் எல்லை தாண்டி வந்து போகிறவர்கள். ஃபெல்ட்கிர்ச்சில் குடியிருந்து ஷானில் ஹில்டி தொழிற்சாலைக்கு வருபவருக்கு ஆஸ்திரிய சிம் போதும், சட்டமே அவர் பக்கம். புக்ஸிலிருந்து அதே தொழிற்சாலைக்கு வருபவருக்கு அந்தச் சட்டம் இல்லை, அவருடைய சுவிஸ் நிறுவனம் தன் திட்டத்தில் லீக்டன்ஸ்டைனைச் சேர்த்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள்.

சின்ன நாடு என்றால் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றும் இல்லை. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே மலைமேல் உள்ள அண்டோரா நேர் எதிராகப் போனது. அங்கே அண்டோரா டெலிகாம் என்ற ஒரே அரசு நிறுவனம்தான் இழை, மொபைல், இணையம் எல்லாம். போட்டி கிடையாது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலும் இல்லாததால் அந்த ரோமிங் விதியும் பொருந்தாது. பார்சிலோனாவிலிருந்து பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் எல்லையில் டேட்டாவை அணைத்துவிடுவது நல்லது. மொனாக்கோ இன்னொரு ரகம், தன் கோடான +377ஐ வேறொரு நாட்டுக்கே பல வருஷம் கொடுத்து வைத்திருந்தது. கொசோவோவுக்குச் சொந்தக் கோடு இல்லாத காலத்தில் அங்கே பலருடைய மொபைல் எண் மொனாக்கோ எண்ணாகத்தான் இருந்தது. பின்னால்தான் கொசோவோவுக்கு +383 கிடைத்தது.

இந்தச் சின்ன நாட்டுக் கோடுகளில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, நமக்கு நேரடியாகத் தேவைப்படுவது. ஓர் அழைப்பை ஏற்று முடித்துவைக்கும் நெட்வொர்க், அழைத்த பக்கத்திலிருந்து நிமிஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வாங்கும். சில வெளிநாட்டு எண்களுக்கு இந்தத் தொகை மிக அதிகம். மோசடிக்காரர்கள் அப்படிப்பட்ட எண்ணிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு நீங்கள் திருப்பி அழைப்பதற்காகக் காத்திருப்பார்கள், நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிஷத்திலும் அவர்களுக்குப் பங்கு. பெயரே கேள்விப்படாத நாட்டின் கோடாக இருந்தால், அங்கே உங்களுக்கு யாரும் இல்லையென்றால், திருப்பி அழைக்காமல் விட்டுவிடுங்கள்.

நிஜமாகவே லீக்டன்ஸ்டைனில் யாரையாவது அழைக்க வேண்டியிருந்தால் முறை எளிது. இந்தியாவிலிருந்து 00 அல்லது +, பிறகு 423, பிறகு எண். தரைவழி எண் ஏழு இலக்கம், ஊருக்கென்று தனி எஸ்டிடி கோடு கிடையாது, முன்னால் பூஜ்யமும் போடக்கூடாது. அங்கேயே இருக்கும்போது அவசரம் என்றால் 112, அல்லது போலீஸுக்கு 117, தீயணைப்புக்கு 118, ஆம்புலன்ஸுக்கு 144. இந்த மூன்றும் சுவிட்சர்லாந்திலும் அதே எண்கள்தான், போன் அக்கரை டவரைப் பிடித்திருந்தாலும் நீங்கள் போட வேண்டியது மாறாது. அப்படி அழைக்கும்போது முதலில் ஊர்ப் பெயரையும் நாட்டையும் சொல்லிவிடுங்கள், உங்கள் அழைப்பு சுவிஸ் பக்கத்து மையத்துக்குப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.